வரப்பில் நின்று வேலை வாங்கிய காலம்

போன பதிவுக்குக் கீழே சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவர் ஆபீஸில் அம்பது வயது மேனேஜருக்கும் இருபத்தஞ்சு வயது பசங்களுக்கும் ஒத்தே வரவில்லையாம். மேனேஜர் சத்தம் போட்டால் பசங்கள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்களாம். "உங்க வயக்காட்டுல இந்தத் தொந்தரவு கிடையாதுல்ல, நிம்மதி"ன்னு முடிச்சிருந்தார்.

இருக்குங்க. ஆபீஸில் இப்போது நடப்பது இங்கே அம்பது அறுபது வருசமாக நடந்துகொண்டே இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறை இதே வயலில் ஆள் வைத்து வேலை வாங்கியிருக்கிறோம். என் தாத்தா, அப்பா, நான், இப்போது என் அண்ணன் மகன். நாலு பேரும் நாலு விதம். அதைத்தான் இன்றைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்கும் கீழ்வேளூருக்கும் நடுவில். தாத்தா காலத்தில் ரெண்டு வேலி நிலம். ஒரு வேலி என்றால் இருபது மா. மூணு மா ஒரு ஏக்கர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மிராசு இல்லை. ஆனாலும் ரெண்டு பண்ணையாள் குடும்பம் இருந்தது. பண்ணையாள் என்றால் தினக்கூலி இல்லை, வருசம் முழுக்க அந்த வீட்டுக்கு ஆள். கூலி நெல்லாக அளப்பார்கள். அறுவடையில் களத்துக் கூலி, பொங்கலுக்கு வேட்டி புடவை. குடிசை போட்டிருக்கும் மனையும் நிலக்காரருடையது.

தாத்தா வேலை வாங்கும் விதத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். விடியும்போதே குடையோடு வரப்பில் வந்து நின்றுவிடுவார். அதிகம் பேச மாட்டார். நிற்பதுதான் அவருடைய வேலை. ஆட்கள் அவரை "ஆண்டே" என்பார்கள். எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளைகூட அறுபது வயதுப் பண்ணையாளைப் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிடும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். இதையெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் கொடுமை என்று பெயர் வைத்துப் பேசவில்லை, வழக்கம் என்றார்கள்.

அதே தாத்தா, பண்ணையாள் வீட்டில் பிரசவம் என்றால் மாட்டுவண்டி கட்டி அனுப்புவார். கல்யாணத்துக்கு நெல் கொடுப்பார். "அந்தக் காலத்துல முதலாளி தொழிலாளி பாசம் இருந்துச்சு"ன்னு இன்றைக்கும் பெருசுகள் சொல்வது இதைத்தான். பாசம் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பாசத்தை வேண்டாம் என்று சொல்லும் வழி மறுபக்கத்து ஆளுக்கு இல்லை. சொன்னால் மறுநாள் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம்.

தஞ்சாவூர்ப் பக்கத்து நிலங்களில் 1940-களிலிருந்தே சங்கம் வந்துவிட்டது. பி. சீனிவாசராவ் மாதிரி ஆட்கள் ஊர் ஊராக நடந்து, சாணிப்பால் கொடுப்பதையும் சவுக்கால் அடிப்பதையும் நிறுத்தப் போராடினார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபடி பண்ணையாளை நீக்கக்கூடாது என்றது. அதற்கப்புறம் பல ஊர்களில் பண்ணையாள் என்ற ஏற்பாடே குறைந்து, தினக்கூலிக்கு மாறினார்கள்.

அப்புறம் 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம்தான். கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் தகராறு. 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதிகமும் பெண்களும் குழந்தைகளும். அப்போது அப்பாவுக்கு இருபத்தோரு வயது. அந்த வருசத் தை அறுவடைக்கு எங்கள் வீட்டில் யாருமே வரப்புக்குப் போகவில்லையாம். தாத்தா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம். அடுத்த வருசமே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்து, விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவருக்கே சொந்தம் என்று ஆயிற்று.

என்னைக் கேட்டால் அந்த மனைச் சட்டத்துக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். வேலையை விட்டாலும் வீடு போகாது. "நாளைக்கு வரலை"ன்னு சொல்லிவிட்டு அவர் தன் வீட்டில் படுத்துத் தூங்கலாம். எங்கள் ஊரில் வேலை வாங்கும் விதம் மாற ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

அப்பா அதற்கப்புறம் விவசாயத்துக்கு வந்தவர். அவரும் வரப்பில்தான் நின்றார். ஆனால் முதல் நாள் சாயங்காலமே தெருவுக்குள் போய் "நாளைக்கு நடவு, பன்னெண்டு ஆள் வேணும், வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். என் தாத்தா அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததே கிடையாது. பத்து மணிக்கு டீயும் போண்டாவும் கொண்டுபோவது அப்பா காலத்தில் வந்தது. கூலித் தகராறு வந்தால் தாலுகா ஆபீஸில் தாசில்தார் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். பேசிவிட்டு வந்து வீட்டில் முணுமுணுப்பார். ஆனால் பேசினார். அவரை ஆட்கள் "ஐயா" என்றார்கள். அவர் ஆண்களை "வாப்பா" என்றும் பெண்களைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டார்.

என் முறை வந்தபோது தினக்கூலி போய் ஏக்கர் கான்ட்ராக்ட் வந்துவிட்டது. 2006-ல் நூறு நாள் வேலை தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. பக்கத்து மாவட்டம்தான், சீக்கிரமே எங்களுக்கும் வந்தது. 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பையன்கள் பஸ் ஏறித் திருப்பூர் போனார்கள். "நூறு நாள் வேலை வந்துதான் ஆளே கிடைக்கல"ன்னு டீக்கடையில் என் வயதுக்காரர்கள் சொல்லாத நாளில்லை. நடவுக்கு ஆள் கிடைப்பது சிரமம் என்பதில் பொய் இல்லை. அதைச் சொல்லும்போது முகத்தில் வரும் கோபம் ஆள் பற்றாக்குறையைப் பற்றியது மட்டும்தானா என்று எனக்கு எப்போதுமே சந்தேகம். கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்கள் இப்போது "எவ்வளவு தருவீங்க?"ன்னு கேட்கிறார்கள். அதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

கான்ட்ராக்ட் வந்ததும் நிலக்காரர் பார்க்கவேண்டிய விஷயமும் மாறிவிட்டது. தினக்கூலி என்றால் நேரத்தைப் பார்க்கவேண்டும்: எப்போது இறங்கினார்கள், எப்போது கரையேறினார்கள். ஏக்கர் கணக்கு என்றால் நேரத்தைப் பற்றிக் கவலையில்லை, பத்து மணிக்கே முடித்துவிடுவார்கள். ஆனால் குத்துக்குக் குத்து இடைவெளி கூடிப்போகும். நீண்ட நாள் ரகம், உதாரணமாக 1009 போட்டால், சதுர மீட்டருக்கு 33 குத்து இருக்கவேண்டும். அவசர நடவில் அது இருபத்தஞ்சுக்கும் இறங்கும். அறுப்பின்போது மூட்டைக் கணக்கில் தெரியும்.

இவ்வளவும் நிலக்காரர் பக்கம். வேலை வாங்குவது எங்கள் வீட்டு ஆண்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சேற்றுக்குள் இறங்கி நிஜமாகவே வேலை வாங்குபவர் வேறு ஆள்.

எங்களுக்கு நடவுக்கு வருவது பதினெட்டுப் பெண்கள் கொண்ட ஒரு கொத்து. ரொம்ப வருசமாக அதற்குத் தலைவி ஒரு அம்மா. கொத்தில் எல்லோரும் "பெரியம்மா" என்பார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். அவருடைய அப்பா எங்கள் தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்தவர். இவர் எங்களிடம் ஏக்கருக்கு ரேட் பேசுவார். ரெண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தலைமுறைதான் என்பதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பெரியம்மா வேலை வாங்குவதைப் பார்க்கவேண்டும். விடிகாலை நாலரைக்கு ஒவ்வொரு வாசலாகப் போய்க் குரல் கொடுப்பார். வயலில் யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை அவர்தான் சொல்வார். மெதுவாக நடும் வயசான கையை ரெண்டு வேகமான கைகளுக்கு நடுவில் போடுவார். ரெண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். வரிசை விட்டுவிட்டு யாராவது பேச ஆரம்பித்தால் ஒரு வசவு விழும். காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் கூலி பிரிக்கும்போது எல்லோருக்கும் சம பங்கு. காய்ச்சல் என்று வராமல் போனவளுக்கும் ஏதாவது எடுத்துவைப்பார். திட்டுவதும் அவர், சோறு கொடுப்பதும் அவர். யோசித்துப் பார்த்தால் என் தாத்தாவின் விதம் மாதிரியே இருக்கும். ஆனால் பெரியம்மா தானும் முழங்கால் சேற்றில் நின்று, அதே பங்கைத்தான் எடுத்துக்கொள்வார். பிடிக்காதவர்கள் வேறு கொத்துக்குப் போகலாம், போயும் இருக்கிறார்கள்.

மூணு வருசத்துக்கு முன்னால் அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கொத்து மருமகள் கைக்கு வந்தது. மருமகள் வேறு ஊர்ப் பெண், பன்னிரண்டாவது படித்தவர். ஆண்டே, ஐயா எதுவும் அவர் வாயில் வராது. என்னை "அண்ணே", அப்பாவை "தாத்தா", அண்ணன் மகனைப் "தம்பி". வந்த முதல் வருசமே வாட்ஸப்பில் குரூப் போட்டுவிட்டார். யார் வருகிறார்கள் என்று முதல் நாள் ராத்திரியே குரல் பதிவில் சொல்லவேண்டும். காலையில் வாசல் வாசலாகக் கூப்பிடும் வேலை கிடையாது. எங்களிடமும் கறார்: நாற்று பறித்து முடி கட்டி வயலில் வீசியிருக்கவேண்டும், பாதிப் பணம் முன்னாடியே ஜிபேயில் போடவேண்டும், ஏழு மணிக்கு இறங்கினால் பன்னிரண்டரைக்கு ஏறிவிடுவோம். வசவே கிடையாது.

எங்கள் பக்கம் அதே சமயத்தில் அண்ணன் மகன் பொறுப்புக்கு வந்தான். கோயம்புத்தூரில் ரெண்டு வருசம் கம்பெனி வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். அவன் முதலில் செய்த காரியம், பிளாஸ்டிக் பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்ததுதான். நடவு நடக்கும்போதே ரெண்டு மூணு இடத்தில் அதைப் போட்டுக் குத்து எண்ணவேண்டும். அப்பா சிரித்தார். "எங்கப்பா கண்ணாலயே பாத்துடுவாரு"ன்னார். அவன் அதை எடுத்துக்கொண்டுபோய் மருமகள் கையில் கொடுத்துவிட்டான். "அக்கா, நீங்களே எண்ணிக்குங்க. முப்பதுக்குக் கீழ இருந்தா சொல்லுங்க, பேசிக்கலாம்." அந்தப் பெண் எண்ணினார். ஒரு இடத்தில் இருபத்தேழு வந்தது. அவரே ரெண்டு பேரைத் திரும்ப அனுப்பி இடைவெளியில் நட்டுக்கொடுத்தார். எங்கள் பக்கம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இதுவரைக்கும் படித்தால் புது ஆட்கள் எல்லாம் சரி, பழைய ஆட்கள் தப்பு என்று தோன்றும். அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

முதல் சிக்கல் கொத்துக்குள்ளேயே வந்தது. சின்ன வயதுப் பெண்கள் மருமகளிடம் கேட்டார்கள், "நாங்க ரெண்டு பங்கு நடுறோம், கெழவிங்க அரைப் பங்கு நடுறாங்க, கூலி மட்டும் எப்படி சமம்?" மருமகளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அளந்து பிரிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. அளந்தால் அறுபதைத் தாண்டிய நாலு பேர் கொத்தை விட்டுப் போகவேண்டியதுதான். அந்த நாலு பேரும் மாமியாரோடு முப்பது வருசம் நட்டவர்கள். மாமியார் ரெண்டு நாள் மருமகளோடு பேசவில்லையாம்.

கடைசியில் மருமகள் ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு பேரும் நட வேண்டாம். நாற்று முடியைப் பிரித்து நடுபவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் போட்டுக்கொண்டே போகவேண்டும், தண்ணீர் கொடுக்கவேண்டும். நடுபவர்கள் திரும்பி நாற்றுத் தேடி நடக்கவேண்டியதில்லை என்பதால் வேலையும் வேகமாயிற்று. கூலி சம பங்கு. சின்னப் பெண்களில் ரெண்டு பேர் ஒத்துக்கொள்ளாமல் விலகி வேறு கொத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். பெரியம்மா இதைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவ கணக்கு அவளுக்கு"ன்னார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

ரெண்டாவது சிக்கல் எங்கள் வீட்டில். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. இன்னும் நடவு அன்றைக்கு வரப்பில் போய் நிற்பார். அண்ணன் மகனுக்கு அது பிடிக்கவில்லை. "தாத்தா, நீங்க நின்னு பாத்தா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். குனிஞ்சு நடுறவங்க பின்னாடி நிக்கிறது நல்லாவா இருக்கு? ஏக்கருக்குப் பேசியாச்சு, முடிச்சுட்டுப் போன் பண்ணுவாங்க." அவன் சொன்னது நியாயம். நடும் பெண்கள் பின்னால் ஆண்கள் நிற்பது எவ்வளவு சங்கடம் என்பதை எங்கள் தலைமுறையில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா கோபித்துக்கொண்டார். "நான் வேவு பாக்க நிக்கலடா. சேத்துல பாம்பு கடிச்சா யாரு தூக்குறது? உன் போனா தூக்கும்?"

போன சம்பா நடவில், புரட்டாசி வெயிலில், பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் மயங்கி விழுந்தார். அண்ணன் மகன் டிராக்டர் சர்வீஸுக்குத் திருத்துறைப்பூண்டி போயிருந்தான். நான் கூட்டுறவு வங்கியில். அப்பா மட்டும், பேரன் சொல்லியும் கேட்காமல், வயலில் இருந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லி, ரோட்டில் போன பைக்கை நிறுத்தி, ஒரு பெண்ணைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். குளுக்கோஸ் ஏற்றி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார் அந்தப் பெண். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி பேச்சு வந்தது. கான்ட்ராக்டில் ரேட் இருக்கிறது, தேதி இருக்கிறது, குத்துக் கணக்கு இருக்கிறது. ஒருத்தர் விழுந்தால் யார் பொறுப்பு என்று எதிலும் இல்லை. தாத்தா காலத்தில் ஆளையே சொந்தம் என்று நினைத்ததால் வண்டி கட்டினார்கள். இப்போது யாரும் யாருக்கும் சொந்தமில்லை, அது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து அந்த வண்டியும் போய்விட்டது. அதைச் சொந்தம் கொண்டாடாமல் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி.

அண்ணன் மகன் மருமகளுக்கே போன் போட்டுக் கேட்டான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது இது: "தாத்தா இருந்தது நல்லதாப் போச்சு தம்பி. இருக்கட்டும். ஆனா வரப்புல நிக்க வேணாம். அந்தப் புங்க மரத்தடில நாற்காலி போட்டு உக்காரச் சொல்லுங்க. அங்கேருந்து கூப்பிட்டா காது கேக்கும்." அப்புறம் இன்னொன்றும் சேர்த்தார். காலை டிபன் எங்கள் செலவு. ரேட்டில் கழிக்கக்கூடாது.

அப்பா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நடவுக்கு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் எங்கே இருக்கவேண்டும் என்று நடவுக்காரப் பெண் முடிவு செய்வதும், அவர் அதன்படி போய் உட்கார்வதும், என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் அம்பத்தஞ்சு வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சென்னை நண்பருக்கு என் பதில் இதுதான். உங்கள் பசங்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்றால், அவர்களால் போக முடிகிறது என்று அர்த்தம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போக முடியாத ஆளிடம் எந்த மாதிரி வேலை வாங்கினாலும் அது நன்றாக நடப்பது போலத்தான் தெரியும். போக முடிகிற ஆள் தங்குகிறார் என்றால் மட்டும்தான் உங்கள் விதம் சரியா தப்பா என்று தெரியவரும். பழைய மேனேஜரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அவர் பசங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாரா, யாராவது விழுந்தால் தூக்க நிற்கிறாரா? ரெண்டாவதுக்கு என்றால் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுங்கள். எங்கே போடுவது என்பதைப் பசங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அறுவடை முழுக்கப் பெல்ட் மிஷினுக்குப் போய்விட்டது. அரிவாளோடு வந்த ஆண்கள் கொத்து எங்கள் ஊரில் இப்போது ஒன்றுகூட இல்லை. நடவு மிஷினும் வந்துவிட்டது, பக்கத்து ஊரில் ஓடுகிறது. மிஷின் வாடகைக்குக் கிடைக்கும்போது "எவ்வளவு தருவீங்க?" என்ற கேள்விக்கும் பலம் குறையும். மருமகளுக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். மகளிர் குழுவில் கடன் வாங்கி நடவு மிஷினைத் தாங்களே வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். பாய் நாற்றங்கால் எப்படிப் போடுவது என்று அண்ணன் மகனிடம் கேட்டிருக்கிறார். அவன் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இந்த வருச நடவுக்கு நாங்கள் கேட்ட தேதி கிடைக்கவில்லை. வேறு ஒருத்தருக்கு ஒத்துக்கொண்டுவிட்டாராம். நாலு நாள் தள்ளித்தான் வருவார்கள். நாற்று அதுக்குள் முப்பத்தஞ்சு நாளைத் தாண்டும், கொஞ்சம் முற்றும். 1009 தாங்கும். "சரிக்கா"ன்னு சொல்லி வைத்துவிட்டான். அப்பா நாற்காலியைக் கழுவி வைத்திருக்கிறார்.

பாய் நாற்றங்கால் சரியாக வந்தால் அடுத்த பதிவில் படத்தோடு எழுதுகிறேன்.